அத்தை நூற்ற சரடு

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இன்றுவரை அதைப்பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

நான், பூவராகவன். என் மனைவி முத்தம்மாள். மறுநாள் கல்யாணம் ஆக வேண்டிய என் மகள் பூமிகா. கும்மிடிப்பூண்டியில் தலையணை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த என் மகன் மணிகண்டன். என் தங்கை, பிள்ளைகளுக்கு அத்தை, சந்திரகலா. திருவாலங்காட்டிலிருந்து சரடு வாங்கிப்போக வந்த சம்பந்தி துளசிராமன், அவர் மனைவி தேசம்மாள். பக்கத்து வீட்டில் குடியிருந்த அரசாங்க நர்ஸ் ரோசம்மாள். இவ்வளவு பேர்தான். 'நானும் அங்கே இருந்தேன், கண்ணால் பார்த்தேன்' என்று வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம், தை மாதம். ஊர் திருப்பாச்சூர். கல்யாணம் மறுநாள் காலை திருவள்ளூர் மண்டபத்தில்.

எங்கள் குடும்பத்தில் தாலிச் சரடு கடையில் வாங்குவதில்லை. பொன் மாப்பிள்ளை வீட்டுப் பொன், நூல் எங்கள் வீட்டு நூல். பெண்ணின் அத்தை தக்ளி என்கிற கைக்கதிரில் பஞ்சை நூற்று, இழைகளைச் சேர்த்து முறுக்கி, மஞ்சள் ஏற்றி, கல்யாணத்துக்கு முந்தின மாலை மாப்பிள்ளையின் தாயார் கையில் கொடுக்க வேண்டும். மிஞ்சிய நூலைத் தூக்கி எறியக்கூடாது. அதையே திரியாகத் திரித்துக் குத்துவிளக்கில் போட்டு, சரடு வாங்க வந்த அம்மாளே ஏற்ற வேண்டும். அந்த வெளிச்சத்தில்தான் பெண்ணுக்குச் சரடைக் காட்டுவோம். சந்திரகலாவின் கழுத்தில் ஏறியதும் அப்படி நூற்ற சரடுதான்.

அவள் தக்ளி கற்றது பள்ளிக்கூடத்தில். அப்போது ஆரம்பப் பள்ளிகளில் நூற்பு ஒரு பாடம். மற்ற பிள்ளைகள் தக்ளியைப் பம்பரமாக விட்டு விளையாடினார்கள், இவள் நூல் எடுத்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நூற்பாள். வாத்தியார் வாயில் அடித்தாலும் நூல் அறுந்ததில்லை. அரக்கோணத்தில் ரயில்வே கேட்கீப்பருக்கு வாழ்க்கைப்பட்டவள், பூமிகாவுக்குச் சரடு நூற்க வேண்டும் என்று ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள். கணவருக்கு டியூட்டி. காலையில் நேரே மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு.

சம்பந்தி வீட்டார் வந்து காப்பி குடித்து முடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, நடுவில் மஞ்சள் பூசிய சரடு. தேசம்மாள் அதைக் கண்ணால் அளந்தாள். அந்த அம்மாளுக்குக் குரல் பெரியது. மனத்தில் தோன்றுவதை வாயில் நிறுத்தி வைக்கும் வழக்கம் கிடையாது.

"ஊட்ல நூத்த சரடு, ஊட்ல நூத்த சரடுன்னு எங்க ஊர் பூரா பீத்திக்கினு வந்துகீறேன் சம்பந்தி. முறுக்கு கெட்டியா கீதா? எம் புள்ளைக்கு ஷூ லேசு கூட ஒழுங்கா கட்ட வராது."

"அதுக்கு இன்னா சம்பந்திம்மா, மூணாவது முடிச்சு நாத்தனார் போடறதுதான? உங்க புள்ளைக்கு ரெண்டு முடிச்சுதான் வேல. அது கூட வரலன்னா சொல்லுங்க, ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒட்ற சரடா நூத்துத் தர்றேன்" என்றாள் சந்திரகலா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முத்தம்மாள் மட்டும், "மஞ்சள்தான் ஒழுங்கா புடிக்கல. மூணு வாட்டி முக்கினேன். மேலயே நிக்குது" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மிச்ச நூலைச் சந்திரகலா உள்ளங்கையில் வைத்து உருட்டித் திரியாக்கினாள். எண்ணெயில் நனைத்து விளக்கில் வைத்தாள். தேசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்துத் திரியின் முனையில் காட்டினாள்.

திரி எரியவில்லை. நெருப்பைக் கண்டதும் மண்புழு சுருங்குவதுபோல் பின்னுக்குச் சுருங்கியது. முனை கறுத்து ஒரு மணிபோல் திரண்டது. அந்த மணி சொட்டாகி எண்ணெயில் விழுந்து 'ஸ்ஸ்' என்றது. கரும்புகை ஒரு கோடாக எழுந்தது. குச்சியை எடுத்ததும் விளக்கு அணைந்துவிட்டது.

பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்ததுபோல் கூடம் முழுக்க ஒரு நாற்றம்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை, சம்பந்தி அம்மாள் ஏற்றிய விளக்கு, என் வீட்டில் அணைந்தது.

"கரண்ட் கட்டு போல கீது" என்றார் துளசிராமன். நல்ல மனிதர். யாரும் சிரிக்கவில்லை.

தேசம்மாள் தட்டிலிருந்த சரடை எடுத்தாள். ஒரு பிரியை உருவினாள். இன்னொரு குச்சியைக் கிழித்து அதன் நுனியில் பிடித்தாள். அதுவும் அப்படியே உருகி ஒரு கறுப்பு மணியானது. அந்த மணியை எங்கள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"இது நைலான் கயிறு. துணி காயப் போடற கயிறு. இதுக்கு மஞ்சள் தடவி எங்கிட்ட குடுக்கறீங்க. இன்னா சம்பந்தி, இதான் உங்க ஊட்டு நூலா?"

அறுபத்துநான்கு வயதில், என் கூடத்தில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துவிட்டு, நான் ஏமாற்றுக்காரன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சந்தையில் நெல் போடும்போது ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறேன் என்று கேட்ட வியாபாரிகூட எனக்கு இருந்ததில்லை.

சந்திரகலா எழுந்துவிட்டாள். "கடைல வாங்கினேன்னு சொல்றீங்களா? ஒரு மாசமா முட்டி மடக்கிக் குந்திக்கினு நூத்தது. பூமிகா, நீ பாத்தல்ல? சொல்லு!"

"ஆமா ஆன்ட்டி, நான் பாத்தேன். அத்ததான் நூத்தாங்க" என்றாள் பூமிகா. தேசம்மாளை அவள் எப்போதும் ஆன்ட்டி என்பாள். அந்தச் சொல் அந்த நேரத்தில் சிறு குழந்தையின் பேச்சாகக் கேட்டது.

"பாத்தியோ இல்லியோ. பருத்தி உருகி நான் பாத்ததில்ல" என்றாள் தேசம்மாள்.

நான் சந்திரகலாவிடம் சொன்னேன். "தக்ளிய எடுத்துக்கினு வா."

அவள் முகம் மாறியது. "வோணாம்ணா."

"எடுத்துக்கினு வா. எந்த மூட்டைலேர்ந்து எடுத்தியோ அதே பஞ்சையும் எடுத்துக்கினு வா. இங்கியே, இவங்க எதிர்லயே நூத்துக் காட்டு."

"அண்ணா, இப்ப வோணாம். வெளிச்சம் பத்தல."

"முத்தம்மா, டியூப்லைட்டப் போடு" என்றேன்.

வெளிச்சம் வந்தது. அவளுக்கு வேறு வழி இல்லை. உள்ளே போய்ப் பித்தளைத் தக்ளியையும் ஒரு கொட்டாங்கச்சியையும் ஒரு கை வெள்ளைப் பஞ்சையும் கொண்டுவந்து பாயில் உட்கார்ந்தாள். கொட்டாங்கச்சியில் தக்ளியின் அடிமுனையை நிறுத்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சுண்டு சுண்டினாள். சுழன்றது. இடது கைப் பஞ்சிலிருந்து இழை இறங்கியது. சீரான இழை. கையை உயர்த்தி முறுக்கேற்றினாள், இறக்கித் தண்டில் சுற்றினாள், மறுபடி சுண்டினாள். துளசிராமன் நாற்காலியின் நுனிக்கு வந்து பார்த்தார். "அடடா" என்றார். தேசம்மாள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

கை வேலையில் இறங்கியதும் சந்திரகலாவுக்குப் பேச்சும் தைரியமும் திரும்ப வந்துவிட்டன. "இப்ப இன்னா சொல்றீங்க சம்பந்திம்மா? இதுவும் கடைல வாங்கினதா? கொட்டாங்கச்சிக்குள்ள கட வெச்சுகீறேனா?"

அப்போதுதான் மணிகண்டன் குனிந்து அந்தப் பஞ்சைக் கிள்ளி எடுத்தான். விரலில் தேய்த்தான்.

"அத்த, இது எம் பஞ்சு."

"உம் பஞ்சா? பஞ்சுல இன்னாடா உம் பஞ்சு, எம் பஞ்சு?"

"கம்பெனி பஞ்சு அத்த. ஃபைபர். தலகாணிக்கு நான் எடுத்தாந்தது. பருத்தி மூட்ட வேற. பக்கத்துல சாக்குல கீது பாரு, அம்மா வாங்கியாந்தது."

"நீதான பஞ்சு, பஞ்சுன்னு சொல்லிக்கினு எறக்கி வெச்ச?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. பேர்தான் பஞ்சு. பெட்ரோல்லேர்ந்து எடுக்கறது."

பருத்தி இல்லாத பஞ்சு என்று ஒன்று உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் எனக்கு மூச்சு வந்தது. ஏமாற்று இல்லை. ஒரு சொல்லால் வந்த வினை. என் தங்கை நூற்றதுதான், மூட்டைதான் மாறிவிட்டது. நான் தேசம்மாளின் பக்கம் திரும்பி, முதுகை நிமிர்த்திக்கொண்டு, "கேட்டுக்கினீங்களா சம்பந்தி?" என்றேன்.

"கேட்டேன்." அந்த அம்மாளும் பஞ்சைக் கிள்ளி விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். "இது வழுக்குது. கைல நிக்கவே மாட்டேங்குது. பருத்தி இப்பிடியா வழுக்கும்? தலகாணி தைக்கிற எனக்கே தெரியுது. ஒரு மாசம் நூத்தவங்களுக்குத் தெரியலியா?"

நியாயமான கேள்வி. எல்லோரும் சந்திரகலாவின் கைகளைப் பார்த்தோம்.

தக்ளியின் தண்டில் வெள்ளை நூலின் மேல் சிவப்பு நூல் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவளுடைய இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நூல் ஓடும் இடத்தில் விரல் பிளந்திருந்தது. பருத்தி இழையாக இருந்தால் அறுந்திருக்கும். இது அறுகிற இழை இல்லை, அவளுடைய விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. ரத்தம் இழையோடு இறங்கித் தண்டில் சுற்றிக்கொண்டது. கொட்டாங்கச்சியின் விளிம்பிலும் ஒரு துளி.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "நாலு நாள் முன்னாடியே சொல்லிருந்தா பருத்திலயே நூத்துருப்பேன்ல? இப்ப இன்னா கெட்டுப் போச்சு, ஒரு மணி நேரத்துல…" என்று சொல்லி, தக்ளியை இன்னொரு சுண்டு சுண்டினாள்.

யாரும் பதில் சொல்லாததைக் கண்டு நிமிர்ந்தாள். எங்கள் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். வலியில் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருடிய பொருளை மறைப்பதுபோல் முந்தானைக்குள் மறைத்தாள். அதுதான் என்னை உலுக்கியது.

ரோசம்மாள் எழுந்து வந்து அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். நறுக்கென்று பேசும் பெண். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள், மீதிப் பேரைத் திட்டியவள்.

"கையக் காட்டு அக்கா."

"ஒண்ணும் இல்ல நர்ஸம்மா. சும்மா கீறல்."

"காட்டுன்றேன்ல. இன்னா பொண்ணு பாக்க வந்தவங்க எதிர்ல மாதிரி மறைக்கிற?" கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரலைத் துணியால் சுற்றினாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு தேமலையும் பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. "முத்தம்மாக்கா, அந்தச் சாக்குலேர்ந்து நெசப் பருத்தி கொஞ்சம் குடு."

முத்தம்மாள் கொண்டுவந்தாள். ரோசம்மாள் அதிலிருந்து பூனை மீசைபோல் ஒரு மெல்லிய நுனியைத் திரித்தாள்.

"கண்ண மூடிக்க. நான் தொடறப்ப எங்கன்னு சொல்லு. அவ்ளோதான்."

சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

ரோசம்மாள் பஞ்சு நுனியால் அவள் உள்ளங்கையைத் தொட்டாள். சுண்டுவிரலைத் தொட்டாள். ஆள்காட்டி விரலை, கட்டைவிரலின் அடிமேட்டைத் தொட்டாள். தேமலின் நடுவில் வைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். மறு கையையும் எடுத்து அதிலும் அப்படியே செய்தாள். சந்திரகலா பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் நிமிர்ந்து, கண்களை இறுக மூடி, கவனமாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள். "எப்பத் தொடப் போற?"

பூமிகா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். இவள் ஒரு மாதமாக என் வீட்டில் இருந்தாள். என் எதிரில் சாப்பிட்டாள், பேத்தினாள், சிரித்தாள். என் வீட்டில் இரண்டு கைகள் செத்துக்கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

"கண்ணத் தெற அக்கா" என்றாள் ரோசம்மாள். "எத்தினி நாளா?"

சந்திரகலா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ரோசம்மாளிடம் மட்டும் சொன்னாள். "தெரியல. ஆடி மாசம் சோறு வடிக்கறப்ப கருகல் வாசன வந்துச்சி. அடுப்புல இன்னாடா கருகுதுன்னு தேடறேன். அப்பறம் பாத்தா என் கை. அன்னிலேர்ந்துதான் தெரியும்."

"ஊட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்ன நூல் நூக்க உடுவாங்களா?"

தேசம்மாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பதை அவளும் வாசித்திருக்கிறாள், நாங்களும் வாசித்திருக்கிறோம். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். அந்தச் சுவரைத் தாண்டும்போது யாரும் அதைத் தன் வீட்டுக்கென்று வாசிப்பதில்லை.

"இது பெருநோய்" என்றாள்.

அந்தச் சொல் என் வீட்டுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. முத்தம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சம்பந்தி வீட்டுக் கார் வாசலில் நின்றது. அவர்கள் எழுந்து போனால் பூமிகாவின் கல்யாணம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணை யாரும் கேட்டு வர மாட்டார்கள். சந்திரகலா வெளியே தலைகாட்ட முடியாது. எல்லாம் ஒரே சொல்லில் தொங்கியது.

"இருக்கலாம்" என்றாள் ரோசம்மாள் நிதானமாக. "சர்க்கரையா கூட இருக்கலாம். அதுலயும் கை மரத்துப் போவும். நாளைக்குக் கல்யாணம் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். இன்னிக்கு நான் பேரு வெக்க மாட்டேன்."

"பெருநோயா இருந்தா? இந்தக் கை நூத்த நூல எம் மருமவ கழுத்துல கட்டறதா? தொட்டா ஒட்டிக்காதா?"

"இருவது வருசமா இந்த நோய் வந்தவங்களத் தொட்டுக்கினு கீறேன். எனக்கு எங்க ஒட்டிக்கிது, சொல்லுங்க." சந்திரகலாவின் கையை ரோசம்மாள் இன்னும் மடியில்தான் வைத்திருந்தாள். "அதுவா இருந்தா கூட மாத்திர கீது. கவருமெண்டு சும்மா குடுக்குது. தின்னா போய்டும். நூல்ல எல்லாம் ஏறி வராது. நூலு இன்னா பஸ்ஸா?"

துளசிராமன் தொண்டையைச் செருமினார். "அப்ப ஒண்ணு செய்லாம் சம்பந்தி. சர்க்கரைன்னே வெச்சுக்கலாம். தங்கச்சி நாளைக்கு ஒடம்பு முடியலன்னு ஊட்லயே இருக்கட்டும். சரடு திருவள்ளூர்ல வாங்கிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வோணாம்."

அவர் கெடுதலாகச் சொல்லவில்லை. எனக்கு வழி காட்டினார். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

சந்திரகலா முந்திக்கொண்டாள். "ஆமாண்ணா. நான் வரல. அவங்க சொல்றதுதான் சரி."

"நீ குந்து" என்றேன். எழுந்து நின்றேன். "சம்பந்தி, எங்க ஊட்ல சரடு கடைல வாங்கறது இல்ல. அத்த இல்லாம கல்யாணம் பண்றதும் இல்ல. அவளுக்கு எது வந்திருந்தாலும் நாளைக்கு மேடைக்குப் பக்கத்துல, எம் பொண்ணுக்குப் பக்கத்துல நிப்பா. உங்களுக்கு ஒத்து வரலன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் உங்களக் கொற சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. முத்தம்மாள், "இன்னாங்க!" என்றாள், அழுகைக் குரலில். நான் பூமிகாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் குரல் மாறியிருக்கும்.

பூமிகா எழுந்து போனாள். உள்ளே போய் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சாக்கிலிருந்து இரண்டு கை நிறையப் பருத்தியை அள்ளிக்கொண்டு வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது பருத்திதான் அத்த. நான் தொட்டுப் பாத்துட்டேன். நீ கண்ணால பாத்து நூலு, நான் கையால பாக்கறேன்" என்றாள்.

எல்லோரும் தேசம்மாளைப் பார்த்தோம். அவள் அணைந்த விளக்கைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை. கோபம்தான் இருந்தது.

"இன்னா நெஞ்ச நிமித்திக்கினு பேசறீங்க? திருவாலங்காட்ல தெருத்தெருவா பத்திரிகை வெச்சாச்சு. மேளம் சொல்லியாச்சு. மாப்பிள்ளைய இட்டுக்கினு போயி மாலையோட ஊட்ல குந்த வெச்சா நான் மூஞ்ச எங்க வெச்சுக்கறது? மானம் உங்களுக்கு மட்டுந்தான் கீதா?"

சந்திரகலாவை நோக்கிக் கையைக் காட்டினாள்.

"நூக்கச் சொல்லுங்க. நேரம் ஆவறதுக்குள்ள முடியணும். எம் புள்ள கட்டுவான்." மறுபடி உட்கார்ந்தாள். "ஆனா யார் கேட்டாலும் சர்க்கரைதான். சர்க்கரைன்னா ஒருத்தனும் மேல கேக்க மாட்டான். எங்க ஊட்லயே மூணு பேருக்குக் கீது."

"நீங்க சொல்லிக்கறத நான் தடுக்கல. என்னக் கேட்டா, ஆஸ்பத்திரில இன்னா சொல்றாங்களோ அதத்தான் சொல்லுவேன்" என்றேன்.

"அப்ப உங்கள ஒருத்தரும் கேக்காம நான் பாத்துக்கறேன்" என்றாள் தேசம்மாள்.

சந்திரகலா கட்டுப்போட்ட விரலோடு நூற்றாள். அவள் அன்று பேசாமல் நூற்றாள். நான் பார்த்தவரையில் அந்த ஒரு முறைதான். பூமிகா ஒவ்வொரு கிள்ளுப் பஞ்சையும் தொட்டுத் தொட்டுக் கொடுத்தாள். மறுநாள் தாலி கட்டப் போதுமான இழைகள் வந்தன. பழைய சரடை மணிகண்டன் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. புதுச் சரட்டில் மஞ்சள் முதல் முக்கலிலேயே பிடித்தது. மிஞ்சிய நூலில் திரி போட்டு, தேசம்மாள் குச்சி கிழித்தாள். குச்சி எரிந்து விரலைச் சுடும்வரை அவள் கையை எடுக்கவில்லை. "ஆவ்" என்று உதறினாள். திரி நின்று எரிந்தது.

"சுட்டுச்சா சம்பந்திம்மா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"சுடாம?" என்று சொன்ன தேசம்மாள், சொல்லிவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணம் நடந்தது. சந்திரகலா நான் சொன்ன இடத்தில் நின்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்து, பேர் சொன்னார்கள். அவளுடைய கணவரிடம் நானே சொன்னேன். அவர் ரயில் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, "மாத்திர எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு என் வீட்டில் என்றைக்கும் முதல் இலை. மாத்திரையில் அவளுடைய முகம் கறுத்தது, முடிந்த பிறகு நிறம் திரும்பியது. விரலில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. அடுப்பில் துணி பிடித்துத்தான் பாத்திரம் இறக்குகிறாள்.

தேசம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். திருவாலங்காட்டில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. சந்திரகலாவுக்கு மட்டும் எந்த விசேஷத்திலும் சர்க்கரை இல்லாத காப்பி வந்தது. பாயசம் அவளுடைய இலையைத் தாண்டிப் போனது. "இவங்க குடுக்கற காப்பியக் குடிக்க முடியலண்ணா. எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல. எவனாவது உன்னக் கேட்டான்னா சொல்லிடு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். கேட்காதவர்களிடம் போய்ச் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. காத்திருந்தேன்.

ஐந்து வருடம் கழித்துப் பூமிகாவின் குழந்தைக்குக் காதுகுத்து. திருவாலங்காட்டில், தேசம்மாள் வீட்டுப் பந்தலில் பந்தி. பரிமாறிய ஒருவர் சந்திரகலாவின் இலையில் லட்டு வைத்தார். தேசம்மாளின் தம்பி ஓடிவந்து, "அவங்களுக்குச் சர்க்கரப்பா, எடு, எடு" என்று அதை எடுத்துவிட்டார். பிறகு, மரியாதைக்காக, என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இன்னா மாமா, தங்கச்சிக்குச் சர்க்கர இப்ப எப்பிடி கீது?"

பந்தியின் மறுகோடியிலிருந்து தேசம்மாள் கையை ஆட்டினாள். ஆனால் அவர் கேட்டுவிட்டார்.

"அவளுக்குச் சர்க்கர இல்ல. தொழுநோய் வந்துச்சி. மாத்திர சாப்ட்டா, சரியாயிடுச்சி. லட்ட எலைல வை" என்றேன்.

பந்தி முழுவதும் கை நின்றது. பக்கத்து இலைக்காரர் சோற்றை வாயருகில் வைத்தபடி இருந்தார்.

"ரெண்டா வைப்பா" என்றாள் சந்திரகலா. "அஞ்சு வருச பாக்கி."

அந்த ஊரில் இப்போதும் சிலர் பழையபடியே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். பூவராகவன் தங்கைக்குச் சர்க்கரை முற்றிக் கை மரத்துப் போனதாம், கிழவனுக்கு ஞாபகம் பிசகி வேறு ஏதோ உளறினானாம். தவறு. என் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்திரகலாவுக்கு வந்தது தொழுநோய். குணமாகிவிட்டது. சர்க்கரை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.